படுக்க வைத்த பொம்மை

விஜயதசமி இரவு லோகநாயகி தன் கையால் படுக்க வைத்த மரப்பாச்சி, மறுநாள் காலையில் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

காபி டம்ளரோடு மாடியிலிருந்து இறங்கி வந்தவளுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. வாசலை ஒட்டிய அந்தப் பெரிய அறையில், ஐந்து படிக் கொலுவின் மேல் நேற்றைய சாமந்தி வாடிக் கிடந்தது. சுண்டலில் போட்ட தேங்காயின் வாசனையும் கற்பூரக் கரியின் வாசனையும் ஏசி காற்றில் கலந்து சுற்றிக்கொண்டிருந்தன. மேல்படியில் ஆண் மரப்பாச்சி நின்றது. அதன் பக்கத்தில் பெண் மரப்பாச்சியும் நின்றது. லோகா ஒரு வாய் காபி குடித்தாள், விழுங்கினாள், அப்புறம்தான் பார்த்தாள்.

ஆரத்தி சுற்றி, பாட்டுப் பாடி, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அந்தப் பெண் மரப்பாச்சியைத்தான் ஒரு கைக்குட்டை விரித்து அவள் படுக்க வைத்திருந்தாள். ஒன்பது நாளும் கண் கொட்டாமல் நின்ற பொம்மைகள் தூங்கப் போவதற்கு அடையாளமாக ஒன்றைப் படுக்க வைப்பது வழக்கம். ஒன்று படுத்தால் எல்லாம் படுத்த மாதிரி. அதற்குப் பிறகுதான் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கலாம். கைக்குட்டை அங்கேயேதான் இருந்தது. யாரோ அதை நாலாக மடித்து ஓரமாக வைத்திருந்தார்கள்.

"மினு, பொம்மைய நீயா எடுத்து நிக்க வெச்ச?"

சமையலறை மேடையில் பால் ஊற்றிய சீரியல் கிண்ணத்தின் முன்னால் நின்ற மகள் திரும்பிப் பார்க்கவில்லை. "நோ. ஐ டிட்ன்ட் டச் இட்."

"உக்காந்து சாப்பிடேன்டி. சேர் இருக்குல்ல?"

"ஐ லைக் ஸ்டாண்டிங், அம்மா."

பதினொரு வயதுப் பெண் சொல்லும் காரணங்களையெல்லாம் கிண்டிக்கொண்டிருந்தால் ஸ்கூல் பஸ் போய்விடும். லோகா மரப்பாச்சியை மறுபடியும் படுக்க வைத்தாள். கொலுவுக்கு வலப்பக்கம் நின்ற கல்லுப் பெண்ணை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் ஏற்கெனவே பழகியிருந்தாள்.

அந்தச் சிலை வீட்டுக்கு வந்தது ஆகஸ்டில். எல்லாம் கணவர் பசுபதியின் கைங்கரியம். டெக்ஸஸ் ரவுண்ட் ராக்கில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வாரம் முழுக்க சர்வர்களோடு மல்லுக்கட்டும் மனிதர், சனிக்கிழமை விடிந்தால் போதும், எங்கே எஸ்டேட் சேல் என்று காரை எடுத்துவிடுவார். செத்துப்போனவர்களின் வீட்டைத் திறந்து வைத்து, ஸ்பூனிலிருந்து கட்டில் வரை சீட்டு ஒட்டி விற்பார்கள். அடுத்தவன் வீட்டு எழவுச் சாமானை இங்கே கொண்டுவராதீர்கள் என்று லோகா கத்தாத சனிக்கிழமை கிடையாது. ஆனாலும் பறவை இல்லாத கூண்டும், ஓடாத கடிகாரமும், யாரோ ஒரு கர்னலின் தொப்பியும் வந்து கராஜில் குடியேறின. கார் வெளியே வெயிலில் காய்ந்தது.

ஜார்ஜ்டவுனைத் தாண்டி, ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு தனி வீடு. தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் தனியாக இருந்து செத்திருந்தார். அங்கிருந்துதான் அதைக் கொண்டுவந்தார்கள். நாலு ஆண்கள், வாடகைக்கு எடுத்த தள்ளுவண்டி, நண்பர் மயில்சாமிக்கு நிரந்தரமாக வந்துவிட்ட இடுப்புப் பிடிப்பு, இத்தனைக்கும் பிறகு அது அந்த அறையில் நின்றது.

"க்ரீக் சிலை லோகா! ரொம்பப் பழைய ஸ்டைல். காப்பியாத்தான் இருக்கும், ஆனா மார்பிள் அசல் மார்பிள். யாரும் எடுக்கல, சும்மா தூக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க."

"சும்மா குடுத்தா எதையும் தூக்கிட்டு வந்துடுவீங்களா? ஏன் குடுத்தாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

அதைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

நாலரை அடி உயரம். பக்கத்தில் போய் நின்ற மினுவின் உச்சந்தலையும் கல்லின் உச்சந்தலையும் ஒரே மட்டத்தில் இருந்தன. பீடம் கிடையாது, இரண்டு பாதங்களிலும் பின்னால் தரையைத் தொட்ட பாவாடை விளிம்பிலுமாக நேராக நிற்கும் ஒரு சின்னப் பெண். காதுக்குப் பின்னாலிருந்து மெல்லிய சடைகள் இரண்டு பக்கமும் மார்பில் இறங்கின. இடது கால் ஒரு பிடி முன்னால் இருந்தது. இடது கை பாவாடையை ஒரு பக்கமாகக் கொசுவிப் பிடித்திருந்தது. வலது கை முழங்கையில் மடங்கி முன்னால் நீண்டு, எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல் உள்ளங்கையை விரித்திருந்தது. சடைப் பிரிகளுக்குள் பழைய சிவப்புச் சாயம் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. உதடு மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவே இல்லை.

மினு தன் ஸ்கூல் புத்தகத்தைக் கொண்டுவந்து படத்தையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தாள். இதற்குப் பேர் கோரே, அந்த நாட்டுப் பாஷையில் பெண் பிள்ளை என்று அர்த்தம், ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் செதுக்குவார்கள் என்று கால் தமிழிலும் முக்கால் இங்கிலீஷிலும் விளக்கினாள். சாமிக்குக் காணிக்கையாகவும் வைப்பார்களாம். சில சமயம் கல்லறை மேலும் வைப்பார்களாம்.

"யாரோட கல்லறை?"

"கேர்ள்ஸ் ஹூ டைட் பிஃபோர் தே காட் மேரிட்."

லோகா அன்று பசுபதியிடம் போட்ட சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் காப்பி காப்பி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கிப் போடவும் வழியில்லை, மயில்சாமி போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார். நவராத்திரி வந்தது. கொலு வைக்க வீட்டில் அந்த அறையை விட்டால் இடம் இல்லை. நட்டநடுவில் ஒரு கல் நின்றுகொண்டு வருகிறவர்களை முறைப்பதைவிட, அதுவும் கொலுவில் ஒன்று என்று ஆக்கிவிட்டால் நன்றாக இருக்கும் என்று லோகாதான் முடிவு பண்ணினாள். இடது மேல்கையில் கல் குழிந்திருந்தது மறைய, தோளில் ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்தினாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றினாள். அந்தச் சால்வையை அவள் போர்த்தியதை நினைத்து நினைத்துப் பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

வந்த பெண்கள் சிரித்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி அந்த நீட்டிய கையில் ஒரு வெற்றிலையும் கொஞ்சம் சுண்டலும் வைத்தாள். மகன் வீட்டுக்குக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அபயாம்பாள் ஆன்ட்டி மட்டும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "கடைசி நாள் இவள யாரு படுக்க வெப்பா? கிரேன்னா வரணும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். லோகாவும் சிரித்தாள்.

படுக்க வைத்த மரப்பாச்சி அடுத்த நாளும் நின்றது. அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு காலையும் கைக்குட்டை நாலாக மடிந்திருந்தது.

"கொலுவ எடுத்துப் பெட்டியில போடேன். எத்தன நாளைக்கு இப்படியே வெச்சிருப்ப?" என்றார் பசுபதி.

"ஒண்ணாவது ஒரு ராத்திரி படுத்திருக்கணுங்க. முழிச்சிட்டு இருக்கறத எடுத்துப் பெட்டியில போட்டு மூடக் கூடாது."

"பொம்ம எங்க முழிச்சிட்டு இருக்கும்?" என்றார் அவர். ஆனால் அவரும் பொம்மைகளைத் தொடவில்லை.

மழைக்குப் பிறகு டெக்ஸஸில் சுவர்க்கோழிகளின் படையெடுப்பு. கதவிடுக்கு வழியாக வந்து, வாஷிங் மெஷினுக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்கு அடியில், மாடிப்படி மூலையில் என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டிருந்தன. அந்த ஓர் அறையில் மட்டும் சத்தம் இல்லை. வாசற்படியைத் தாண்டி அதற்குள் காலை வைத்தால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வாடிய பூவின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது, கிணறு தோண்டும்போது மேலே வரும் ஈர மண்ணின் வாசனை. காலையில் பெருக்கினால் கல்லின் பாதத்தைச் சுற்றிச் சுவர்க்கோழிகள் கால்களை மடக்கிச் செத்துக் கிடந்தன. லோகா முறத்தில் அள்ளி வெளியே கொட்டினாள்.

மினு அந்த அறையில்தான் இருந்தாள். ஸ்கூலிலிருந்து வந்ததும் பையைத் தோளிலிருந்து கழற்றாமல் அங்கே போய் நிற்பாள். கூப்பிட்டால் வருவாள். சாப்பிடச் சொன்னால் நின்றுகொண்டே சாப்பிடுவாள். டிவி பார்ப்பதும் நின்றுகொண்டுதான். ஒரு நாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த லோகா, மகள் கல்லுக்கு எதிரே நிற்பதைப் பார்த்தாள். இடது கால் ஒரு பிடி முன்னால். இடது கையில் யூனிஃபார்ம் இல்லாத அந்த ஸ்கூலுக்குப் போட்டுப் போன நீலப் பாவாடையின் ஓரம்.

"என்னடி பண்ற?"

"நத்திங்." உதடு சிரித்தது. உதடு மட்டும்தான்.

ஸ்கூலிலிருந்து டீச்சர் போன் பண்ணினாள். மினு வகுப்பில் உட்கார மறுக்கிறாளாம். முதலில் விளையாட்டு என்று நினைத்தார்களாம். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். லோகா எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். இருப்பது ஒரு பிள்ளை. மூன்று முறை கலைந்து, நாலாவதாகத் தங்கிய பிள்ளை. அவளுக்கு ஒன்று என்றால் லோகாவுக்கு இந்த ஊரும் வேண்டாம், இந்த வீடும் வேண்டாம், இந்த உயிரும் வேண்டாம்.

மாடிப்படி முனக ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். பசுபதி ஏறினால் வராத சத்தம், மினு ஏறும்போது வந்தது. கீழே நின்று கேட்டால் ஒவ்வொரு படியாக மரம் அமுங்கி எழுந்தது. அவள் தன் அறையில் நடந்தால் கீழே கண்ணாடி அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த வயதான நர்ஸ் மினுவை எடை மெஷினில் ஏற்றினாள். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு மெஷின் ரிப்பேர் என்றாள். பக்கத்து அறையில் இன்னொன்றில் ஏற்றினாள். அதுவும் ரிப்பேர் என்றாள். டாக்டர் முட்டியைத் தட்டினார், கண்ணில் லைட் அடித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ஊசி இரண்டு முறை வளைந்தது. வளரும் வயது, மன அழுத்தமாக இருக்கலாம் என்று ஒரு கவுன்சலரின் நம்பரைக் கொடுத்தார்.

காத்திருந்தபோது லோகா பதற்றத்தில் தன் மேல்கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். அம்மை குத்திய வட்டத் தழும்பு அங்கே இருந்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுத் தன் கைச்சட்டையை மேலே தூக்கிக் காட்டினாள். அவளுக்கும் அதே இடத்தில் அதே தழும்பு, நடுவில் குழிந்து, ஓரத்தில் சுருங்கி. சின்ன வயதில் எங்களுக்கும் வரிசையாக நிற்க வைத்துக் குத்தினார்கள், இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு இந்த அடையாளமே கிடையாது என்று சொல்லிச் சிரித்தாள். ஆறுதலுக்காகச் சொன்னாள். லோகாவும் சிரித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து மினுவின் ஷூவைக் கழற்றியபோது அவளுடைய இடது பாதத்தைத் தொட்டாள். ஐஸ். கட்டை விரலை அழுத்திப் பார்த்தாள். அமுங்கவில்லை.

"வலிக்குதாடி, கண்ணு?"

மினு குனிந்து அவளைப் பார்த்தாள். உதடு மெதுவாகப் பிரிந்தது. "ஷீ இஸ் டயர்ட், அம்மா. ஷீ வான்ட்ஸ் டு லை டவுன்."

அதுதான் அவள் சேர்த்துப் பேசிய கடைசிப் பேச்சு.

லோகா அபயாம்பாள் ஆன்ட்டிக்குப் போன் போட்டாள். மகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. மரப்பாச்சி படுக்க மாட்டேன் என்கிறது என்று மட்டும் சிரிக்கிற குரலில் சொன்னாள். ஆன்ட்டியும் சிரித்தாள். "பெரியவ நின்னுண்டு முழிச்சிண்டிருந்தா சின்னது எப்படிம்மா தூங்கும்? வீட்டுல கொழந்தைகள் அப்படித்தானே. முதல்ல அவளப் படுக்க வையி." ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

அன்று பசுபதி ஆபீஸிலிருந்து வந்ததும் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு லோகா சொன்னாள். அந்தக் கல்லைப் படுக்க வைக்க வேண்டும். ஒரு ராத்திரி அது படுத்திருக்க வேண்டும். மறுநாள் யார் காலிலாவது விழுந்து ஆள் கூட்டி வந்து வெளியேற்ற வேண்டும். சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார்.

"நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லல லோகா. அங்கயும் அது படுத்துதான் இருந்துது."

"எங்க?"

"அந்தக் கிழவர் வீட்ல. ஹால்ல, கார்டன்லன்னு எங்கயும் இல்ல. மாடியில ஒரு ரூம். சுவரெல்லாம் பிங்க் கலர், பழைய பொம்மைங்க, ஒரு சின்னக் கட்டில். கட்டில் நடுவுல அப்படியே வளைஞ்சு போயிருந்துச்சு. அது மேலதான் படுக்க வெச்சிருந்தாங்க. தலகாணி வெச்சு, கழுத்து வரைக்கும் போர்வை போத்தி. நாங்கதான் தூக்கி நிக்க வெச்சோம்."

லோகா அந்த அறையின் பக்கம் திரும்பினாள். பயத்தோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு நிம்மதியும் வந்தது. "அப்ப அந்த மனுஷருக்குத் தெரிஞ்சிருக்குங்க. படுக்க வெச்சாத்தான் அது அடங்கும். நீங்க எழுப்பி விட்டுட்டீங்க."

பசுபதி தலையாட்டினார். படித்த மனிதர், லாஜிக் லாஜிக் என்று உயிரை எடுக்கிறவர், சின்னப் பிள்ளைபோல் தலையாட்டினார்.

குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் ஞாயிற்றுக்கிழமை அது, அப்போதெல்லாம் அக்டோபர் கடைசியில் வரும். அந்த வருஷம் அதே நாளில், பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனும் வந்திருந்தது. எதிர்வீட்டுப் புல்தரையில் தேர்தல் போர்டுகளுக்கு நடுவே அட்டைக் கல்லறைகள் நட்டிருந்தார்கள். பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி எரிந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் இருட்டியது. மினுவை மாடியில் அவள் அறையில் விட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தாள் லோகா. கட்டிலில் படுக்க வைக்கப் பார்த்தாள். முட்டி மடங்கவில்லை. ஜன்னலோரம் நிறுத்திவிட்டு நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "இன்னிக்கு ஒரு நாள்தான்டி தங்கம். நாளைக்கு எல்லாம் சரியாயிடும்."

கீழே விருந்தாளிகளுக்கான மெத்தையை இழுத்துவந்து கல்லுக்குப் பின்னால் போட்டார்கள். இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். லோகா கொலுவில் விளக்கு ஏற்றினாள். விஜயதசமி அன்று பாடிய அதே பாட்டை முணுமுணுத்தாள். இரண்டாவது வரி வரவில்லை, முதல் வரியையே திரும்பப் பாடினாள். பசுபதி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தையும் கூட்டி இழுத்தார்.

கல் உடனே சாய்ந்தது.

நாலு ஆண்கள் தூக்க முடியாமல் தூக்கிய கல். அவர் கயிற்றோடு பின்னால் தடுமாறினார். லோகா கையை நீட்டி அதன் முதுகைத் தாங்கினாள். தாங்க முடிந்தது. ஜுரத்தில் தூங்கிப்போன பிள்ளையைக் காரிலிருந்து தூக்கி வருவதுபோல் இருந்தது, அவ்வளவுதான் கனம். மெத்தையில் கிடத்தினார்கள். மெத்தை கொஞ்சம்தான் அமுங்கியது.

"என்னங்க இது?"

பசுபதி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லைத் தொட்ட கை. "சுடுது லோகா," என்றார்.

கல் நின்ற இடத்தில் கார்ப்பெட்டில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. இரண்டு சின்னப் பாதங்கள், இடது பாதம் ஒரு பிடி முன்னால். லோகா பீரோவிலிருந்து ஒரு பழைய நூல் புடவையை எடுத்து வந்து கல்லின் மேல் போர்த்தக் குனிந்தாள். அப்போது பட்டுச் சால்வை தோளிலிருந்து நழுவியது. நவராத்திரி முதல் நாள் போர்த்தியது, அன்றிலிருந்து எடுக்காதது.

இடது மேல்கை வெளியே தெரிந்தது.

அதில் ஒரு வட்டம். நடுவில் குழிந்து. ஓரத்தில் சுருங்கி.

லோகா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னையறியாமல் அவளுடைய கை அவளுடைய தழும்புக்குப் போயிற்று. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செதுக்கிய பெண்ணுக்கு அம்மை குத்த மாட்டார்கள். காப்பி செய்கிறவனும் அதைச் செதுக்க மாட்டான். வரிசையில் நிற்க வைத்துக் குத்தியிருக்கிறார்கள். ஒரு ஸ்கூலில். இந்த ஊரில்.

அந்தக் கிழவர் சிலையைப் படுக்க வைக்கவில்லை. தன் மகளைப் படுக்க வைத்திருக்கிறார். தலையணை வைத்து, போர்வை போர்த்தி, இத்தனை வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்திருப்பாளா என்று பார்த்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. அவள் இடத்தில் நிற்க அந்த வீட்டில் வேறு பெண் இல்லை.

ஒன்றுக்குப் பதில் ஒன்று. அவளும் இப்படி யாருக்கோ பதிலாக நின்றவள்தான்.

"தூக்குங்க," என்றாள் லோகா. "ஏங்க, தூக்குங்க. நிக்க வைங்க. மறுபடியும் நிக்க வைங்க!"

பசுபதி அதன் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தார். உடனே கையை இழுத்துக்கொண்டார். "மெத்துன்னு இருக்கு," என்றார். 

மாடியில் கதவு திறந்தது.

மரப்படி முனகியது. ஒரு படி. கண்ணாடி அலமாரியில் டம்ளர்கள் ஆடின. இன்னொரு படி. கொலுவிலிருந்து செட்டியார் பொம்மை உருண்டு விழுந்து உடைந்தது. இன்னொன்று. வீட்டில் ஒரு சுவர்க்கோழிகூடக் கத்தவில்லை.

"மினு, வராத! மேலயே இரு! அம்மா வரேன்!"

லோகா ஓடிப்போய்ப் படியின் அடியில் மகளைக் கட்டிப் பிடித்தாள். இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, காலை ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். கார்ப்பெட்டில் அவளுடைய குதிகால்கள்தான் பின்னால் வழுக்கின. மினு நடந்தாள். அம்மாவைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. உதடு சிரித்தது.

"அப்பா," என்றாள் ஒரு தடவை. மெதுவாக. அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

பள்ளத்தில் வலது பாதம் இறங்கியது. ஒரு பிடி முன்னால் இடது பாதம். அளவு சரியாக இருந்தது. இடது கை பாவாடையைக் கொசுவியது. வலது கை முழங்கையில் மடங்கி முன்னால் வந்தது. உள்ளங்கை விரிந்தது.

லோகா அவள் மார்பில் காதை வைத்தாள்.

ஒரு துடிப்பு.

அப்புறம் ஒன்று.

காத்திருந்தாள்.

வாசல் மணி அடித்தது. கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் சின்னச் சின்ன முகங்கள். சூனியக்காரித் தொப்பி, பூனைக் காது, கையில் சாக்லேட் வாளி. டார்ச் வெளிச்சம் உள்ளே வந்து மினுவின் முகத்தில் விழுந்தது. கன்னம் வெள்ளையாக இருந்தது. கண்ணீர் பாதியில் நின்றிருந்தது. "வாவ், லுக் அட் தட் ஸ்டாச்சு!" என்றது ஒரு குழந்தை. மற்றவை கை தட்டின.

லோகா அந்த விரிந்த உள்ளங்கையில் தன் கையை வைத்தாள். விரல்களை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் மெத்தை சரசரத்தது. தூக்கம் கலைந்த பிள்ளை புரண்டு படுப்பதுபோல், புடவைக்கு அடியில் அது ஒருக்களித்துத் திரும்பி, முழங்காலை மடக்கிக்கொண்டது. பசுபதி சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"டாடி?" என்றது, தூக்கக் கலக்கத்தில்.